‘லைட்டா’ என்றால் எது குறையும், எடையா நிறமா?

மெருகுப்பட்டறை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு ஒரு சின்னக் கொலுசுப் பட்டறை. வேலையை அப்பாவும் மாமாவும் பார்க்கிறார்கள், மெயில், பில், கூரியர் எல்லாம் என் தலையில். என் ஆங்கிலம் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது, அதற்கு மேல் யூடியூப்தான்.

லண்டனில் சின்னதாக நகைக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா இரண்டு வருடமாக எங்களிடம் வாங்குகிறார். போன மாதம் மாதிரிக்கு ஒரு ஜோடி அனுப்பினோம். சலங்கை வைத்தது, பூவுக்கு நடுவே கறுப்பு ஏற்றி ஆன்டிக் மெருகு போட்டது, ஜோடி 62 கிராம். அவர் பதில் ஒரே வரி: ‘லவ்லி, பட் குட் யூ மேக் இட் எ பிட் லைட்டர்?’

இதை நான் மாமாவிடம் எப்படிச் சொன்னேன் தெரியுமா? “கொஞ்சம் லைட்டா பண்ணச் சொல்றாங்க.” பட்டறையில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான், எடையைக் குறை. வெள்ளி விற்கிற விலையில் எல்லாரும் கேட்பது அதுதானே. மாமா கம்பியை இன்னும் ஒரு சுற்று மெல்லிசாக இழுத்து, சலங்கையில் பாதியை எடுத்துவிட்டு, ஜோடி 41 கிராமுக்குக் கொண்டுவந்தார். அதுவே பெரிய வித்தை, பார்த்தால் பழைய மாதிரியே இருந்தது. முப்பது ஜோடி அனுப்பிவிட்டோம்.

பெட்டி போய்ச் சேர்ந்ததும் ஒரு போட்டோ வந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்தது. கீழே: ‘இட்ஸ் ஸ்டில் டூ டார்க், அண்ட் நவ் இட் ஃபீல்ஸ் ஃப்ளிம்சி.’ டார்க் என்ற வார்த்தையைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கறுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், நாங்கள் வெள்ளியைக் குறைத்திருக்கிறோம். அதிலும் இரண்டு ஜோடியில் கொக்கியைப் பற்றவைத்த இடம் விட்டுப்போயிருந்தது. பாதிச் செலவு எங்கள் தலையில் விழுந்தது. மாமா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்றிலிருந்து எண்ணிப் பார்க்கிறேன், ஒரு நாளைக்கு இருபது முறையாவது ‘லைட்டா’ சொல்கிறேன். லைட்டா டீ, லைட்டா தலைவலி, லைட்டா மழை, லைட்டா லேட், லைட்டா சந்தேகம். இதில் எதையெல்லாம் அப்படியே ஆங்கிலத்தில் எழுதலாம், எதை எழுதினால் மாட்டிக்கொள்வேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தட்டுவடைசெட்

62-ல் இருந்து 41-ஆ? அது லைட் இல்லை அண்ணே, பட்டினி.

ஓய்வு_ஆசிரியை

தம்பி, உங்கள் மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாதித் தப்பு ஆங்கிலத்தின் மேல்தான். நீங்கள் ஒரு வார்த்தை என்று நினைப்பது உண்மையில் இரண்டு வார்த்தைகள். வெளிச்சம், வெளிறிய நிறம் என்று வரும் ‘லைட்’ ஒன்று, கனமில்லாதது என்று வரும் ‘லைட்’ வேறொன்று. பிறப்பு வேறு, பல நூறு வருடத்தில் ஒலியும் எழுத்தும் தேய்ந்து தேய்ந்து ஒரே மாதிரி ஆகிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர்களான ஜெர்மன்காரர்கள் இன்றும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். வெளிச்சம் அவர்களுக்கு ‘லிஷ்ட்’, கனமில்லாதது ‘லைஷ்ட்’. நமக்கு ‘படி’ என்றால் மாடிப்படியும் உண்டு, அளக்கும் படியும் உண்டு, யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் சுற்றியுள்ள வார்த்தைகள் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் மெயிலில் சுற்றி எதுவுமே இல்லை. ‘மேக் இட் லைட்டர்’. அந்த ‘இட்’ கொலுசா, மெருகா?

வகுப்பில் நான் பிள்ளைகளுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. லைட் என்று எழுதும்முன் அதன் எதிர்ப்பதத்தை அந்த இடத்தில் வைத்துப் பார். ஹெவி பொருந்துகிறதா? அப்படியானால் எடை. டார்க் பொருந்துகிறதா? நிறம். இரண்டும் பொருந்தினால் இன்னொரு சொல் சேர்த்தே ஆக வேண்டும், ‘லைட்டர் இன் கலர்’, ‘லைட்டர் இன் வெயிட்’ என்று. ஹெவியும் பொருந்தவில்லை, டார்க்கும் பொருந்தவில்லை என்றால் அங்கே பெரும்பாலும் லைட்டுக்கே வேலை இல்லை.

உங்கள் டீயை எடுத்துக்கொள்ளுங்கள். லைட் டீக்கு நாம் சொல்லும் எதிர்ப்பதம் என்ன? ஸ்ட்ராங் டீ. ஸ்ட்ராங்குக்கு எதிர்ப்பதம் ஆங்கிலத்தில் வீக். அதனால் அந்த ஊரில் அது ‘வீக் டீ’. ஐந்து ரோட்டு டீக்கடையில் போய் “ஒரு வீக் டீ” என்று கேட்டுவிடாதீர்கள், மாஸ்டர் உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைப்பார்.

குகைத்தறி

நான் சேலம் குகைப் பகுதியில் புடவை வியாபாரம், பாதி ஆன்லைன். இந்த லைட் விஷயத்தில் எனக்குத் தினமும் பஞ்சாயத்துதான். போனில் “அக்கா, கொஞ்சம் லைட்டா காட்டுங்க” என்பார்கள். வெளிர் நிறமா? எடை குறைந்த பட்டா? ஜரிகை குறைவாகவா? இல்லை விலையே லைட்டாகவா? நான்கையும் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கம் கடுப்பாகிவிடும். போன தீபாவளிக்கு ஒரு அம்மாவுக்கு லைட் வெயிட் பட்டு என்று எழுதி மயில் கழுத்து நிறத்தில் ஒன்று அனுப்பினேன். “லைட் என்று போட்டுவிட்டு இவ்வளவு டார்க்காக அனுப்பியிருக்கிறீர்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார். தராசில் வைத்துக் காட்டவா முடியும்?

இப்போது நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். வெளிர்நீலம், இளம்பச்சை, எடை குறைவு, ஜரிகை குறைவு. நம் மொழியில் இதற்கெல்லாம் தனித்தனிச் சொல் இருக்கும்போது ஏன் ஒரே லைட்டை எல்லாவற்றுக்கும் மாட்டுகிறோம் என்று தெரியவில்லை.

தட்டுவடைசெட்

அக்கா, நீங்களே ‘லைட் வெயிட் பட்டு’ என்று எழுதியதாகச் சொன்னீர்கள்.

குகைத்தறி

போன தீபாவளிக்கு என்றும் சொன்னேன். படியுங்கள்.

நாகலூர்க்காரன்

ஏற்காட்டிலிருந்து. எங்களுக்கு நாகலூர் பக்கம் கொஞ்சம் காபி, நடுவில் சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி. இந்த மலைக்குக் காபி வந்தது 1820-களில், காக்பர்ன் என்பவர் சேலத்தில் கலெக்டராக இருந்தபோது. அந்தக் காலத்திலிருந்து இங்கே அராபிகாதான் பேர்போனது. இரண்டு வருடமாக வீட்டிலேயே சின்ன ரோஸ்டர் வைத்து வறுத்து, சுற்றுலா வருபவர்களுக்குப் பொட்டலம் போட்டு விற்கிறேன்.

டீச்சர் சொன்ன இரண்டு லைட்டும் ஒரே கொட்டையில் சண்டை போடுவதை என் பட்டறைக்கு வந்தால் காட்டுகிறேன். லைட் ரோஸ்ட் என்றால் நிறத்தில் லைட், இலவங்கப்பட்டை நிறம். டார்க் ரோஸ்ட் என்றால் கரும்பழுப்பு, எண்ணெய் பளபளப்பு. ஆனால் எடையில் இது அப்படியே தலைகீழ். அதிக நேரம் வறுக்க வறுக்க ஈரம் போய், கொட்டை ஊதி உப்பிவிடும். ஒரு கிலோ பச்சைக்கொட்டை போட்டால் லைட் ரோஸ்டில் ஏறத்தாழ 870 கிராம் மிஞ்சும், டார்க்கில் 800 பக்கம் வந்துவிடும். ஒரே டம்ளரில் இரண்டையும் அளந்து தராசில் வைத்தால் லைட் ரோஸ்ட்தான் கனம், டார்க் ரோஸ்ட்தான் லைட்! இதை முதலில் புரிந்துகொள்ள எனக்கே ஒரு சீசன் ஆனது.

இதோடு முடியவில்லை. மூன்றாவதாக ஒரு லைட் இருக்கிறது. ஈரோட்டிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர், “எனக்கு லைட் காபிதான் பிடிக்கும், லைட்டாவே கொடுங்க” என்றார். நான் சந்தோஷமாக லைட் ரோஸ்ட் அரைக் கிலோ அரைத்துக் கொடுத்தேன். அவர் கேட்டது டிகாஷன் கம்மி, பால் தூக்கலாக, குடித்தால் உறுத்தாத காபி. லைட் ரோஸ்டோ புளிப்பு எடுப்பாக இருக்கும், பாலோடு சேர்ந்தால் பழக்கமில்லாதவர்களுக்கு முகம் சுளிக்கும். அடுத்த வாரமே போன். “சார், காபி புளிச்சுப் போச்சு.” புளித்துப் போகவில்லை ஐயா, அதன் குணமே அதுதான் என்று எவ்வளவோ சொன்னேன். இப்போது பொட்டலத்தில் லைட், டார்க் என்று போடுவதையே விட்டுவிட்டேன். ‘இளவறுவல்’, ‘முதுவறுவல்’ என்று எழுதி, கீழே ‘பால் இல்லாமல் குடிக்க’, ‘பாலோடு குடிக்க’ என்று போடுகிறேன். கேள்வி கேட்பது குறைந்திருக்கிறது.

தட்டுவடைசெட்

இளவறுவல் நன்றாக இருக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம் டீச்சர். நம் ‘லேசா’ என்பதுதான் ‘லைட்டா’ ஆனதா, இல்லை லைட்டிலிருந்து லேசு வந்ததா? இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே.

ஓய்வு_ஆசிரியை

இரண்டும் இல்லை. லேசு, அதாவது இலேசு, வடமொழியின் ‘லேசம்’ என்பதிலிருந்து வந்தது, துளி, கொஞ்சம் என்று பொருள். லைட்டுக்கும் அதற்கும் உறவில்லை, ஒலி மட்டும் தற்செயலாகப் பக்கத்தில் வருகிறது. ஆனால் உறவு ஒன்று நிஜமாகவே இருக்கிறது, நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில். ‘இலகு’. அது வடமொழியின் ‘லகு’. அந்த லகுவும் கனமில்லாத ஆங்கில லைட்டும் ஒரே பாட்டி வயிற்றுப் பேரப்பிள்ளைகள். தாளத்தில் லகு, துருதம் என்று போடுகிறோமே, அந்த லகுவும் இதுதான்.

இதில் எனக்குப் பிடித்தது நுரையீரல் கதை. ஆங்கிலத்தில் ‘லங்’ என்ற சொல்லும் இதே வேர், உடம்பில் கனமில்லாத உறுப்பு என்பதால். கசாப்புக் கடையில் ஆட்டின் நுரையீரலுக்கு அவர்கள் ‘லைட்ஸ்’ என்றே சொல்லியிருக்கிறார்கள். நம்மாட்கள் என்ன பெயர் வைத்தார்கள் பாருங்கள், நுரை போன்ற ஈரல். இரண்டு ஊர்க் கசாப்புக்காரர்களும் கையில் எடுத்துப் பார்த்து, எடை இல்லாததைக் கவனித்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாம் பேச்சில் ‘லைட்டா’ சொல்லும்போது பத்தில் எட்டு இடத்தில் அது ஆங்கில லைட்டே இல்லை. லேசுக்குச் சட்டை மாட்டிவிட்டிருக்கிறோம், அவ்வளவுதான். லேசா தலைவலி, லேசா சந்தேகம், லேசா லேட். எல்லாவற்றிலும் ‘கொஞ்சம்’ என்றுதான் அர்த்தம். அதைத் திருப்பி ஆங்கிலத்துக்கு அனுப்பும்போது சட்டையை மட்டும் பார்த்து லைட் என்று எழுதிவிடுகிறோம். அங்கே போனால் அந்தச் சட்டைக்கு வேறு ஆள் இருக்கிறான். சந்தேகத்துக்கு ‘ஸ்லைட்’, தலைவலிக்கும் ‘ஸ்லைட்’, லேட்டுக்கு ‘எ லிட்டில்’. ஸ்லைட்டுக்குள் லைட் ஒளிந்திருக்கிறதே என்று கேட்காதீர்கள், அதுவும் தற்செயல்தான்.

இரவுப்பணி

நான் நர்ஸ். பத்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு இப்போது ஊரில் ஒரு மருத்துவமனையில். அங்கே போன புதிதில் நோயாளியின் குறிப்பில் ‘லைட் ஃபீவர்’ என்று எழுதினேன். சீனியர் அக்கா அடித்துவிட்டு ‘மைல்ட்’ என்று எழுதினார், பக்கத்தில் எத்தனை டிகிரி என்றும் எழுது என்றார். அது பரவாயில்லை. ஒரு பாட்டி என்னிடம் ‘ஐ ஃபீல் எ பிட் லைட்ஹெடெட், டியர்’ என்றார். நான் தலைபாரம் இறங்கிவிட்டது, லேசாக இருக்கிறது என்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, ‘குட், குட்’ என்று சொல்லிவிட்டுப் போனேன்! அவர் சொன்னது தலை கிறுகிறுக்கிறது, மயக்கம் வருகிறது என்று. நல்லவேளை, கட்டிலில்தான் இருந்தார், திரும்பிப் போய் பிரஷர் பார்த்தேன். நாம் ‘தலை லேசாச்சு’ என்றால் நல்ல செய்தி, அவர்களுக்கு அது கெட்ட செய்தி.

தூக்கமும் அப்படித்தான். ‘லைட் ஸ்லீப்பர்’ என்றால் கொஞ்ச நேரம் தூங்குகிறவர் இல்லை. எட்டு மணி நேரம் படுத்திருப்பார், ஆனால் கதவு கிரீச் என்றால் எழுந்துவிடுவார்.

தட்டுவடைசெட்

டீச்சர் கோபிக்கக் கூடாது. லைட் ஃபீவர் என்று இங்கே எத்தனை பேர் சொல்கிறோம்? அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்கிறோம். என் மேனேஜருக்கு ‘லைட் ஃபீவர்’ என்று மெசேஜ் போட்டால் லீவு கிடைக்கிறது, ‘மைல்ட் ஃபீவர்’ என்று போட்டாலும் அதே லீவுதான். வேலை நடக்கிறதா இல்லையா என்பதுதானே கணக்கு. அமெரிக்காக்காரன் பேசினால் அமெரிக்க ஆங்கிலம், நாம் பேசினால் மட்டும் தப்பான ஆங்கிலமா?

ஓய்வு_ஆசிரியை

கோபம் எதற்கு. நானே வீட்டில் “லைட்டா சர்க்கரை போடு” என்றுதான் சொல்கிறேன். உங்கள் மேனேஜர் சேலத்துக்காரர், உங்கள் லைட்டுக்குள் இருக்கும் லேசு அவருக்குத் தெரியும். கடல் தாண்டி இருப்பவருக்குத் தெரியாது. நர்ஸம்மா சொன்ன பாட்டிக்கும் தெரியாது, நர்ஸம்மாவுக்கும் பாட்டியின் லைட் தெரியவில்லை. தப்பு, சரி என்பதை விடுங்கள், யாருக்கு எழுதுகிறோம் என்பதைப் பாருங்கள். முப்பது ஜோடிக் கொலுசு அந்த இடைவெளியில்தான் விழுந்திருக்கிறது.

தட்டுவடைசெட்

சரி, ஒப்புக்கொள்கிறேன். லைட்டா.

இருபதாம்வளைவு

ஏற்காடு வண்டி ஓட்டுகிறேன், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, கண்ணை மூடினாலும் தெரியும், ஆனால் மூட மாட்டேன். படித்தவர்கள் பேசுகிற இடத்தில் என் பங்குக்கு ஒன்று. என் லைசென்ஸில் லைட் மோட்டார் வெஹிகிள் என்று இருக்கிறது, தமிழில் இலகுரக வாகனம். டீச்சர் சொன்ன அதே இலகு. அந்த லைட் எவ்வளவு தெரியுமா? மொத்த எடை 7,500 கிலோ வரைக்கும் லைட்தான்! ஏழரை டன்! அந்த எடைக்குள் இருக்கும் சரக்கு வண்டியை ஓட்டவும் இந்த லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அதனால் லைட் என்றால் இவ்வளவுதான் என்று யாரும் அளவு சொல்ல முடியாது, எதற்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. டாரஸ் லாரிக்குப் பக்கத்தில் என் வேன் லைட். என் வேனுக்குப் பக்கத்தில் பட்டறைக்காரர் கொலுசு லைட்.

சூரமங்கலம்_கேபின்

ஏழரை டன்னுக்கே இப்படி வாய் பிளந்தால் எப்படி? ரயில்வேயில் ‘லைட் இன்ஜின்’ என்று ஒன்று ஓடும். பெட்டி எதுவும் இல்லாமல் இன்ஜின் மட்டும் தனியாகப் போவது. டபிள்யூ.ஏ.பி.-7 இன்ஜின் ஒன்றின் எடை 123 டன். அது தனியாக ஜங்ஷனைத் தாண்டிப் போனால் எங்கள் பாஷையில் லைட். இழுக்கும் சுமை இல்லை என்ற அர்த்தத்தில். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் “லைட் இன்ஜின் வருது” என்றதும் ஹெட்லைட் எரியவிட்டு வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். இதை வெளியில் சொல்வது இதுதான் முதல் முறை.

நாகலூர்க்காரன்

மழையை விட்டுவிட்டோமே. ‘லேசானது முதல் மிதமான மழை’ என்று வானிலை அறிக்கையில் தினமும் கேட்கிறோமே, அதற்கு அளவு இருக்கிறது. இந்திய வானிலைத் துறைக் கணக்கில் 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டரிலிருந்து 15.5 வரை லைட். 64.5-ஐத் தொட்டால்தான் ஹெவி. ஆங்கிலத்திலும் ‘லைட் ரெயின்’ சரியான பேச்சுதான், ஹெவி ரெயின் இருக்கிறதே, டீச்சரின் எதிர்ப்பதக் கணக்கு இங்கே பொருந்துகிறது. ஆனால் மலையில் நாங்கள் சொல்லும் ‘லைட்டா மழை’ வேறு ரகம். குடையை மடக்காமல் நான்கு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், அட்டை காலில் ஏறியிருக்கும், பழத்தை உலர்த்தப் போட்ட களத்தில் தார்ப்பாய் மூடியே கிடக்கும். கீழே இருந்து வீட்டுக்காரி போன் செய்து கேட்டால் “லைட்டாத்தான் தூறுது” என்போம்.

குகைத்தறி

அதெல்லாம் புருஷன்மார் பேச்சு. “லைட்டா செலவு ஆச்சு” என்பதும் அதே ரகம்தான்.

மெருகுப்பட்டறை

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன், 123 டன் லைட் என்றதும் சிரித்துவிட்டார், அதனால் வீட்டில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை.

படிக்கும்போதே இன்னொன்று ஞாபகம் வந்தது, கேட்டுவிடுகிறேன். எங்களிடம் பதினைந்து வருடம் வேலை பார்த்த ஒரு அண்ணன், சலங்கை பற்றவைப்பதில் கெட்டிக்காரர், துபாயில் ஒரு நகைப் பட்டறைக்குப் போகிறார். அவருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதித் தரச் சொன்னார். கை அவ்வளவு லேசு, பொடி வைத்து ஊதினால் பற்று வைத்த இடமே தெரியாது. அதனால் ‘ஹி இஸ் எ வெரி லைட்ஃபிங்கர்ட் ஒர்க்கர்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை. சரிதானே?

ஓய்வு_ஆசிரியை

ஐயோ, கொடுத்துவிடாதீர்கள்!! லைட்ஃபிங்கர்ட் என்றால் திருடன், கண் மூடித் திறப்பதற்குள் பொருளை லவட்டிக்கொள்கிறவன். நகைப் பட்டறைக்குப் போகிறவருக்கு இதைவிட மோசமான சிபாரிசு உலகத்தில் கிடையாது. ‘ஹி ஹேஸ் எ லைட் டச்’ என்று எழுதுங்கள், அதற்கு நீங்கள் நினைத்த அர்த்தம் வரும்.

தட்டுவடைசெட்

பதினைந்து வருடம் உழைத்த மனுஷனை ஒரே வரியில் போலீஸில் பிடித்துக் கொடுக்கப் பார்த்தீர்களே அண்ணே.

இரவுப்பணி

கை லேசு என்றால் எங்கள் தொழிலில்தான் பெரிய பாராட்டு. ஊசி போட்டால் வலிக்கவில்லை, உங்கள் கை லேசு சிஸ்டர் என்பார்கள். இனி யாராவது அதை ஆங்கிலத்தில் சொன்னால் பீரோவைப் பூட்டிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

மெருகுப்பட்டறை

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். டீச்சர், கடைசியாக ஒன்று, ‘டச்’ என்று எழுதினால் வெள்ளியின் டச் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களே? எங்களுக்கு டச் என்றால் 80 டச், 92.5 டச் என்று தரத்தைச் சொல்வதுதான். லைட் டச் என்றால் தரம் குறைந்த வெள்ளி போடுகிறவர் என்று ஆகிவிடாதா?

ஓய்வு_ஆசிரியை

இது எனக்கே தோன்றவில்லை. வாங்குபவரும் விற்பவரும் வெள்ளிக்காரர்கள் என்றால் நீங்கள் பயப்படுவது நியாயம். ‘ஹிஸ் சோல்டரிங் இஸ் நீட், யூ கான்ட் சீ தி ஜாயின்ட்ஸ்’ என்று பார்த்ததை அப்படியே எழுதிவிடுங்கள். பண்புச்சொல்லைத் தேடி அலைவதைவிட நடந்ததைச் சொல்வது எப்போதும் வசதி.

இருபதாம்வளைவு

டீச்சர், ‘லைட்டா எடுத்துக்கோ’ என்பதை எப்படிச் சொல்வது? வெள்ளைக்காரர்கள் வண்டியில் ஏறுவார்கள், வளைவில் பெண்டாட்டி பயந்து கத்தினால் புருஷனிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘டேக் இட் லைட்’ என்கிறேன், அவர் கையில் இருக்கும் டார்ச்சைப் பார்க்கிறார்.

ஓய்வு_ஆசிரியை

‘டோன்ட் வொரி’ போதும் தம்பி. ‘டேக் இட் லைட்லி’ என்று ஒன்று உண்டு, ஆனால் அதைப் பெரும்பாலும் ‘டோன்ட்’ சேர்த்து, ‘இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே’ என்று கண்டிக்கத்தான் சொல்வார்கள். மூட்டை இல்லாமல் வருபவரைப் பார்த்தால் மட்டும் லைட்லி வராது, ‘யூ டிராவல் லைட்’, லைட் அப்படியே நிற்கும். ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பதுதான் பதில்.

மெருகுப்பட்டறை

நான்கு நாள் கழித்து வருகிறேன். லண்டன் அம்மாவுக்கு டீச்சர் சொன்னபடி எழுதினேன்: ‘டூ யூ வான்ட் இட் லைட்டர் இன் கலர், ஆர் லைட்டர் இன் வெயிட்?’ ஒரு மணி நேரத்தில் பதில். நிறத்தில்தானாம், எடை பழையபடி 62-க்குப் போகட்டுமாம். கறுப்பைத் துடைத்து, பூவின் குழியில் மட்டும் நூல் மாதிரி விட்டு, நான்கு ஷேடில் நான்கு துண்டு செய்து, வெள்ளைக் காகிதத்தில் வரிசையாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, கீழே 1, 2, 3, 4 என்று எண் போட்டு அனுப்பினேன். ‘நம்பர் டூ, ப்ளீஸ்’ என்று வந்தது. இதில் பண்புச்சொல்லே இல்லை பார்த்தீர்களா.

மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பாகு உருக்கத் தொடங்கப் போகும் நேரத்தில் இன்னொரு மெயில்: ‘அண்ட் பெர்ஹாப்ஸ் எ ஃபைனர் செயின்?’

எங்களுக்கு ஃபைன் சில்வர் என்றால் 999 சுத்த வெள்ளி. அதில் கொலுசு செய்தால் வளைந்துவிடும், நிற்காது. மாமா அடுப்பை அணைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். டீச்சர், இருக்கிறீர்களா?

ஓய்வு_ஆசிரியை

இருக்கிறேன். பெரும்பாலும் மெல்லிய சங்கிலியாகத்தான் இருக்கும். ஆனாலும் கேட்டுவிட்டு அடுப்பை மூட்டச் சொல்லுங்கள்.